மூன்றாம் பாகம்

மருதானை நடைபாதையில், நனைந்து காய்ந்த புத்தகங்களுக்குள்
இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் கிடந்தன.
"பிரெஞ்சு, மிஸ், வாசிக்க ஏலாது.
ரெண்டையும் முந்நூறுக்குக் கொண்டுபோங்கோ."
படம் பார்க்க எந்தப் பாஷை வேணும்?

லோமே நகரத்தில் ஒரு தெரு.
அக்கோஸ்வா என்றொருத்தி, முழங்கைவரை கிரீஸ்,
மோட்டார் சைக்கிள் கழற்றிப் பூட்டுகிறாள்.
பின்கட்டில் பெண்கள் வட்டமாய் இருந்து
ஒரு கொப்பி, ஒரு தகரப் பெட்டி, எண்ணிய நோட்டுகள்.
"சீட்டு!" என்றாள் சுகிர்தா,
த்ரெடிங் நூலைப் பல்லில் கடித்தபடி.

நான்காம் பாகத்தில்
பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது.
அக்கோஸ்வாவின் கழுத்தில் சங்கிலி இல்லை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.
முன்பு தங்கப்பல் தெரியச் சிரித்த முடிவெட்டுகிறவன்
இப்போது ஒரு கட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

ஹம்டன் ஒழுங்கை சலூனில் தீர்ப்பு வர
ஒரு ஃபேஷியல் நேரம்கூட எடுக்கவில்லை.
"இவன்ட முழியப் பாருங்களே" என்றாள் ஃபர்ஸானா.
நிலூகா சிங்களத்தில் ஆமோதித்தாள்.
போன வருஷம் எங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு
தெஹிவளைப் பக்கம் மறைந்தவனுக்கும்
இதே தோள், இதே நிற்பு.

வெள்ளை மையால் பிரெஞ்சை அழித்து
குமிழ் குமிழாய்த் தமிழ் எழுதினேன்.
கள்ளன். எங்கட காசு. உன்ட பிள்ளை விளங்குமா?
ரயில் போகும்போதெல்லாம் கை நடுங்கி
எழுத்துக் கொஞ்சம் கோணிற்று.

மாசி மாதம், முழங்கை மெழுகுக்கு வந்த கேதாரணி
லாச்சப்பலில் இருக்கும் தன் அண்ணனிடம் சொல்லி
மூன்றாம் பாகத்தை எடுப்பித்தாள்.
வாகீசன் அண்ணா வாட்ஸப்பில் வாசித்துச் சொன்னார்,
பக்கம் பக்கமாய், நடுவில் மெட்ரோ இரைச்சலோடு.

கொப்பி எழுதுபவளின் மகளுக்குக் காய்ச்சல்.
பெட்டியை அவர்களேதான் கவிழ்த்திருக்கிறார்கள்.
சங்கிலியும் அதற்குத்தான்.
முடிவெட்டுகிறவன் குறடு வாங்கி
கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறான்.
பிள்ளை தப்பவில்லை.

யாரும் எதுவும் கதைக்கவில்லை.
மெழுகு ஆறி, கிண்ணத்தில் ஆடை கட்டியது.
சுகிர்தா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா" என்றாள்,
உண்மையாகவே, சத்தமாய்.

இரவு நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
வெள்ளை மை கல்லாய் இறுகியிருந்தது.
கள்ளன் என்ற சொல்லோடு
அவன் கன்னமும் கொஞ்சம் உரிந்து வந்தது.