அறுபது நிமிட அட்டை

கார்ல்ஸ்ரூ நூலகத்தில் எழுந்து போகிறவர்கள்
மேசையில் ஓர் அட்டைக் கடிகாரம் வைத்துவிட்டுப் போக வேண்டும்.
போன நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைக்கலாம்.
ஒரு மணி நேரத்தில் வராவிட்டால்
இடம் அடுத்தவருக்கு.

முள்ளைத் திருப்பித் திருப்பியே
இரண்டு முறை தோற்றேன், வெப்ப இயக்கவியலில்.
மூன்றாவதும் போனால்
இந்த நாட்டில் எங்குமே எனக்கு அந்தப் படிப்பு இல்லை.

படிக்காமல் இல்லை.
கோடு போடாத வரி ஒன்றில்லை,
புத்தகமே மஞ்சள் காமாலை கண்டிருந்தது.
எலிஃப் அதைப் பட்டென்று மூடினாள்.
"என்ட்ரோபி என்றால் என்ன, சொல்."
வாயைத் திறந்தேன்.
காபி இயந்திரம்தான் பேசியது.

அப்புறம் கைப்பேசி கீழ்த்தளப் பெட்டகத்தில்
ஒரு யூரோ நாணயத்தோடு பூட்டிக் கிடந்தது.
பழைய வினாத்தாளின் முதுகில்
பார்க்காமல் எழுதினேன்.
பிழையைப் பென்சிலால் சுழித்தேன்,
நாலு நாள் கழித்தும் வராவிட்டால் அழித்துக்கொள்ள.
சில சுழிகள் மார்ச் வரை இருந்தன.
பத்து மணிக்குப் படுத்தேன்.
அதுதான் எல்லாவற்றிலும் கடினம்.
"கண் முழிச்சுப் படிக்கலையாடா?"
திருச்சியிலிருந்து அம்மா, திரையில், கவலையாக.

பனி சேறாகிய ஒரு செவ்வாய் முடிவு வந்தது:
நான்கு புள்ளி பூஜ்ஜியம்.
இங்கே ஒன்றுதான் உச்சம்; நான்கு வாசற்படி,
அதற்கு அப்பால் கிணறு.
அம்மாவிடம் எண்ணை மட்டும் சொன்னேன்.
"எத்தனைக்கு நாலு?"

எலிஃபுக்கு இன்னும் பாய்ம இயக்கவியல் பாக்கி.
எதிரே போய் உட்கார்ந்து
அவள் புத்தகத்தை மூடினேன்.
முறைத்தாள்.