வேலையா இருக்கேன்

பிளம்ஸ் இரண்டு கிலோ.
மழை விட்ட சாயங்காலம், கம்மனஹள்ளி முக்கில்
வண்டிக்காரர் தராசைக்கூடத் தொடாமல்
பையில் கொட்டிக் கொடுத்தாராம்.
குற்றத்தை ஒப்புக்கொள்பவன் மாதிரி விலையைச் சொன்னான்.
இந்த மாதம் இரண்டு பேருமே
எல்லா விலையையும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

ஜாம் காய்ச்சினான்.
நடுவில் யாரோ ஒரு கன்சல்டன்ட் கூப்பிட்டு
பத்து நிமிடம் என்று நாற்பது நிமிடம் பேசி
"சொல்லி அனுப்புறோம்" என்று வைப்பதற்குள்
இறுகிவிட்டது.
கரண்டியை நட்டால் நிற்கிறது.
தடவினால் ரொட்டி கிழிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான்:
கிரம்பிள் பார்.
மைதா, ஓட்ஸ், நாட்டுச்சர்க்கரை,
ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய்.
கோடி வரிசைக் கணக்குகளை மேய்த்தவன்
நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிற்கும் தராசுக்கு முன்
இரண்டு கிராமுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிசையக் கூடாதாம்.
கைச்சூடு ஏறுமுன் விரல்நுனியால்
உதிர்த்து உதிர்த்து விட வேண்டுமாம்.
"பிசைஞ்சா சப்பாத்தி ஆயிடும்."

அப்போது போன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மாமா.
அவன் கையெல்லாம் வெண்ணெய்.
நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா இன்பா, வேலையா இருக்கியா?"

மிக்ஸி, குழாய், கீழ்வீட்டு டிவி,
எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோனதாக எனக்குத் தோன்றியது.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
கிண்ணத்தைப் பார்த்தான்.

"வேலையாத்தான் இருக்கேன்பா."

மணிக்கட்டு வரை மாவு. பொய் என்று எப்படிச் சொல்ல?
சுரங்கம் மூடிய வருடம்
விடியுமுன் ரயிலேறி இந்த ஊருக்கு வந்து
கேட் கேட்டாக நின்று திரும்பியவர்
ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்கவில்லை.
"சரி சரி. நீ வேலையப் பாரு."
வைத்துவிட்டார்.

பாதி மாவைத் தட்டில் கொட்டி
டம்ளர் அடியால் அழுத்தினான்.
ஜாமைக் கத்தியால் பெயர்த்துப் பரப்பினான்.
மீதி மாவை மேலே சும்மா தூவினான்.
ஒரே மாவுதான்.
கைக்கு முதலில் வந்தது அடியில் போயிற்று,
அவ்வளவுதான் கணக்கு.

நூற்றெண்பது டிகிரி, முப்பத்தைந்து நிமிடம்.
இருபத்திரண்டில் கரண்ட் போனது.
கீழிருந்து ஷைலஜா அக்கா:
"மேலே ஓவன் ஹாக்கித்தீரா?"
ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவே இருட்டு.
எங்கள் தப்பில்லை!
அதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

"கதவத் தொடாதே. உள்ள சூடு இருக்கு."
ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்தோம்.
முகம் தெரியவில்லை.
உள்ளே மட்டும் ஜாம்
கொப்புளம் விட்டு உடையும் சத்தம்,
ஒன்று, பிறகு ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து
ஒன்று.
"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான்.
நான் ம் என்றேன்.

கரண்ட் வந்து, மறுபடி சூடேற்றி,
ஒரு மூலையில் ஜாம் வழிந்து கருகி,
ஒருவழியாக வெளியே வந்தது.
"ஆறணும். இல்லன்னா உதிரும்."
ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.
கருகிய மூலையைப் பிய்த்தேன்.
நாக்கு சுட்டது. நைட்டி முழுக்கத் துகள்.
புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு,
கண்ணில் நீர் வரும் வரைக்கும்.
அவன் திட்டினான். பல நாள் கழித்து,
முழுக் குரலில்.

காலை ஐந்து மணி.
ரத்தம் எடுக்கப் போகும் என் பைக்கு
இரண்டு துண்டு கட்டி வைத்திருந்தான்.
ஷைலஜா அக்காவுக்கு நாலு, மூடி போட்ட டப்பாவில்.
மிச்சத்தில் ஒன்றைத் தராசில் வைத்தான்.
ஐம்பத்திரண்டு கிராம்.
இன்னொன்று. நாற்பத்தொன்பது.
முகத்தைச் சுளித்தான்.

கேஸ் பில்லின் பின்பக்கத்தில்
எதையோ எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தவனிடம்
செருப்பை மாட்டியபடி
என்ன பண்ணுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.