அறை எண் 204, கருத்துப் புத்தகம்

நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா எழுதவில்லை.
முதல் குறை அதுதான்.
இது என் பேனா.

மேனேஜர் சௌந்தரபாண்டியன்
"நல்லதா நாலு வரி எழுதுங்கம்மா" என்றார்.
நல்லதாக மூன்று இருக்கிறது.
நாலாவதைத் தேடிக்கொண்டே எழுதுகிறேன்.

கண்ணாஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம் என்று
வாசல் போர்டு சொல்கிறது.
நடந்தேன். எனக்கு ஏழு நிமிடம்.
ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிய ஆளைக்
கையைப் பிடித்துக் கூட்டிவர இருபத்திரண்டு.
வழியில் இரண்டு இடத்தில் சாக்கடைக்கு மூடி இல்லை.
டீக்கடை தாண்டி ஒன்று,
ஜெராக்ஸ் கடைப் படிக்கு முன்னால் ஒன்று.
அடுத்து போர்டு எழுதும்போது
அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெந்நீர் உண்டு.
காலை ஐந்தரைக்கு, ஒன்றேகால் வாளி.
203-இல் யார் தங்கினாலும் அவர் முந்திவிடுவார்.
மின்விசிறியை மூன்றில் வைத்தால்
கட்டில் பேச ஆரம்பிக்கும். இரண்டு போதும்.
தலையணையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
தலையணை என்றே சொல்வதற்கில்லை.

ஜிகர்தண்டா பற்றி
இந்தப் புத்தகத்தில் ஏழு பேர் எழுதிவிட்டார்கள்.
எட்டாவது ஆள் நான் இல்லை.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு பிளாஸ்க் வாங்கினேன்.
ஐந்நூற்று நாற்பது.
இருபத்துநாலு மணிநேரம் சூடு நிற்கும் என்று
கடைக்காரர் தொண்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.
இரவு பத்துக்கு ஊற்றிய பால்
மூன்றுக்கு வெதுவெதுப்பு,
ஐந்துக்குத் தயிராகலாமா என்று யோசனை.
ஆனால் மூடி கசியவில்லை.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம்.
வாங்குங்கள். சத்தியத்தை மட்டும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

சர்க்கரை இறங்கட்டும் என்று
ஆபரேஷனுக்கு முன்னால் நாலு நாள் காக்கவைத்தார்கள்.
ரயிலடி நடைபாதையில் ஒரு நாவல், முப்பது ரூபாய்.
அட்டை இல்லை, பெயர் தெரியாது.
உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவன்.
மாதம் ஒரு மூட்டை கணக்கில் குறைகிறது.
நான் வாசிக்க, இவர் கண்ணை மூடிக் கேட்டார்,
தினத்தந்தியில் விலைவாசி தவிர எதுவும் படிக்காத மனிதர்.
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.

"எடுத்தது அவன் பொண்டாட்டிதான்" என்றார்.
அவனுக்கு எண்ணத் தெரியாது என்றேன் நான்.
பதினொரு மணிவரை விடவில்லை.
203-காரர் சுவரைத் தட்டினார்.
இருபத்தாறு வருடத்தில்
பணத்துக்காக இல்லாமல் நாங்கள் போட்ட
முதல் சண்டை.
புத்தகம் நன்று.

நேற்று இவரை உள்ளே கூட்டிப்போவதற்கு முந்தைய இரவு
தூக்கம் வராமல் இதைப் பின்னுக்குப் புரட்டினேன்.
போன ஆவணியில், இதே அறையில்,
பரமக்குடிக்காரர் ஒருவர்:
"சின்னவனுக்கு இனிப் பார்வை திரும்பாது என்று
சொல்லிவிட்டார்கள்.
அறை சுத்தம்.
ஜன்னலைத் திறந்தால் வேப்பமரத்துக் காற்று வரும்.
கொக்கி இறுக்கம், துணியால் பிடித்துத் திருகவும்."

கையெழுத்து
ஒரு இடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை.

முந்தானையால் பிடித்துத் திருகினேன்.
திறந்தது.

கட்டை நாளை எட்டரைக்கு அவிழ்ப்பார்கள்.
சாத்தூர் பஸ் பத்தேகாலுக்கு.
அறையை இப்போதே காலி செய்துவிட்டால்
அரை நாள் வாடகை மிச்சம் என்பதால்
இதையும் இப்போதே எழுதுகிறேன்.
முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு
இந்தப் பக்கம் உதவாது.

நாவல் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது.
பாதிச் சோப்பும்.
கொக்கிக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறேன்,
இனித் துணி வேண்டாம்.
மேனேஜர் அதை நாலாவது வரியாக எடுத்துக்கொள்ளட்டும்.

ச. தில்லைக்கரசி,
சாத்தூர்.

பேனாவை எடுத்துப் போகிறேன்.