நெஞ்சுயரம்

புணானை, ஏழாம் துண்டு.
எழுபத்தெட்டில் வைத்த தேக்கு.
வைத்தவர்கள் நாட்கூலிக்கு வந்தவர்கள்,
பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை.
அவர்கள் விட்ட இடைவெளி இருக்கிறது:
எட்டடிக்கு எட்டடி.

நான் நாடா பிடிப்பவள்.
நிலத்திலிருந்து நூற்று முப்பது சென்ரிமீற்றர்,
அதற்கு நெஞ்சுயரம் என்று பெயர்.
யாருடைய நெஞ்சு என்று படிவத்தில் இல்லை.
எனக்கு அது கழுத்தடி.

சிவப்பு மை டின் காலில் தட்டத் தட்ட
வில்வரெத்தினம் பின்னால் வருகிறார்.
மூன்றில் ஒன்று போகும்.
போகிற மரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு,
நிற்கிற மரத்துக்கு ஒன்றும் இல்லை.
இதற்கு ஐதாக்கல் என்று பெயர்.
நெருங்கி நின்றால் எல்லாம் கம்பாகவே நிற்கும்,
வெளிச்சம் விழவேண்டும்,
வெளிச்சம் விழ எதுவோ விழவேண்டும்.

போன முறை விழுந்த இடத்தில்
வீரை முளைத்திருக்கிறது, பனிச்சை, ஒரு பாலைக்கன்று.
போன வருடம்வரை இவற்றைக்
களை என்று எழுதினேன்.
இந்த வருடம் சுற்றறிக்கை வந்தது,
இயற்கை மீளுருவாக்கம் என்று எழுதுகிறேன்.
வீரைக்கு ஒன்றும் தெரியாது.
அது பாட்டுக்கு நிற்கிறது,
ஆனை முறித்த கிளையோடு.

இருநூற்றுப் பன்னிரண்டு.
நாடா போகிற இடத்தில் ஒரு வீக்கம்,
கன்னத்தில் வெற்றிலை ஒதுக்கினதுபோல.
விதி இருக்கிறது: வீக்கத்தின் மேல் சுற்றாதே,
மேலே தள்ளி அள.
மேலே தள்ளினேன். நூற்றுப் பதினெட்டு.
நேரான மரம். நல்ல மரம்.
பக்கத்து மரங்களுக்கு வெளிச்சம் மறைக்கும் மரம்.
போக வேண்டியதுதான்.

ஓட்டமாவடியிலிருந்து ஆதம்பாவா வந்திருந்தார்,
ஏலத்துக்கு முன்னம் ஒருக்கால் பார்த்துப் போக.
கையில் இரும்பு தேடும் கருவி.
மூன்று பிளேட் போன பிறகு வாங்கினாராம்.
மரத்தோடு வைத்தார். கீ என்று கத்தியது.
"இது வேணாம் தங்கச்சி.
தேக்கு விலைக்குச் சன்னம் வாங்கேலா."

வெட்டி விறகுக்குப் போடலாமே என்றேன்.

வில்வரெத்தினம் மையை நிலத்தில் வைத்தார்.
உயரமான ஆள்.
சாய்ந்தார். வீக்கம் அவருடைய
சட்டைப் பைக்கு நேரே வந்தது.
"தொண்ணூறுல இதாலதான் ஓடினனாங்க.
அப்ப இது என்ர தொடையளவு.
இதுக்குப் பின்னால ஒருத்தன் ஒளிக்கேலுமா?"
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.
மறுகா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார்,
குடித்து முடிய டின்னை எடுத்துக்கொண்டு
அடுத்த மரத்துக்குப் போனார்.
இதற்குக் கோடு போடவில்லை.

படிவத்தில் காரணம் என்றொரு நிரல்.
வெட்டாமல் விட்டால் குறியீடு போடவேண்டும்.
வளைவு ஒன்று. பொந்து இரண்டு.
இரட்டைத் தண்டு மூன்று. ஆனை உரித்தது நான்கு.
இரும்புக்கு எண் இல்லை.
ஐந்து, விதைமரம் என்று போட்டேன்.

விதானகே ஐயா கேட்பார்:
நாற்றுமேடையிலிருந்து கன்று வரும்போது
தேக்குக்கு எதற்கு விதைமரம்?
நியாயமான கேள்வி.
பதிலை வாகனேரிச் சந்திக்குள் யோசிக்கவேண்டும்.
"விதையில இரும்பு இறங்காதுதானே" என்று
ஆதம்பாவா சிரித்தது பதிலாகாது.

அடுத்த சுற்று பன்னிரண்டு வருடத்தில்.
நாடா வேறொருவர் கையில் இருக்கும்.
அதற்குள் பன்னிரண்டு வளையம் கூடும்,
வீக்கம் தணிந்து தண்டு வழுவழுத்துப்போகும்,
கண்ணால் பார்த்தால் தெரியாது.
நான் போட்ட ஐந்தைப் பார்த்து
பொய் என்று அவர் வெட்டக்கூடும்.
விதைமரம் என்று நம்பி
கீழே கன்று தேடவும் கூடும்.
சருகை விலக்கி நானும் பார்த்தேன்,
ஒருவரும் பார்க்காத நேரத்தில்.
இரண்டு நின்றன. விரல் உயரம்.
ஒன்று பாலையாகவும் இருக்கலாம்.

இருநூற்றுப் பதின்மூன்று.
வளைவு.