புளி ரொட்டி

பலகை எழுதிய சோலைமலை
புலியைப் புளியாக்கிவிட்டான்.
பெயிண்ட் காய்ந்தபின்தான் பார்த்தேன்.

வில்லாபுரம் முக்கில் ஒற்றை அடுப்புக் கடை எனக்கு.
அதற்கு முன் பதினோரு வருடம்
கப்பல் சமையலறையில் மாவு பிசைந்தவன்.
ராட்டர்டாமில் மழைக்கு ஒதுங்கிய கடையில்
முதுகெல்லாம் வெடித்துக் கிடந்தது அந்த ரொட்டி,
திட்டுத் திட்டாய், பொன்னும் பழுப்புமாய்.
புலி ரொட்டி என்றார்கள்.
எனக்குச் சிறுத்தையாகத்தான் பட்டது.
வந்த ஊரில் விலங்குச் சண்டை எதற்கென்று விட்டுவிட்டேன்.

மேலே என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன்.
அரிசிமாவு, ஈஸ்ட், துளி சர்க்கரை,
எள்ளெண்ணெய்.
சிரிப்பு வந்துவிட்டது.
கீழமாசி வீதியில் கடனுக்கே கிடைக்கும் சாமான்.
இதைக் கேட்க நாலு கடல் தாண்டியிருக்கிறேன்.

சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை.
மைதாவுக்கு இழுபடத் தெரியும்,
அரிசிக்குத் தெரியாது.
உள்ளே உப்ப உப்ப
மேலே கிழியும்.

முதல் நாள்
துளசிராம் வீட்டு அம்மா எடுத்துப் பார்த்து
"பித்தவெடிப்புக் குதிகாலாட்டம் இருக்கே,
இதையா திங்கிறது?" என்று
பன் வாங்கிப் போனார்.
ஆட்டோ முத்திருளன் விரலால் தட்டினார்:
"சாமநத்தம் கண்மாய், வைகாசி மாசம்.
அது சரி, புளி எங்க?"
அது சின்ன லகரம் அண்ணே,
பெயிண்டர் மாத்தி எழுதிட்டான் என்றேன்.
"சரிப்பா. புளி எங்க?"

பலகையைத் திருத்த நானூறு ரூபாய்.
மாவைப் புளிக்கவிட ஒரு ராத்திரி.
கல்லாவில் இருந்தது
ராத்திரி மட்டும்தான்.

விடிகாலை மூன்றரைக்கு
அரிசிக் கரைசல் சட்டியை மீறி
மேசையில் வழிந்திருந்தது,
தோசைமாவு வாசத்தோடு.
வழித்துப் பூசினேன்.
வெடிப்பு இன்னும் பொடிசாய் விழுந்தது.

முத்திருளன் எதிர்க்கடைச் சால்னாவில் முக்கித் தின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொன்று கேட்டார்.
பிறகு, வாய் நிறைய:
"வெடிப்புல சால்னா நிக்குதுய்யா."

ஒன்பதாம் நாள்
டப்பாவும் பிரஷுமாய் வந்தான் சோலைமலை.
தப்புக்குக் காசு வேண்டாமாம்.
வேண்டாம், உட்கார் என்றேன்.
அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தேன்.
ஆறத் தொடங்கிய ரொட்டிகள்
ஒவ்வொன்றாய்
டிக், டிக் என்றன.
பிரஷை மடியில் வைத்துக்கொண்டு
பல்லி எந்தத் திசையில் சொல்கிறதென்று
கூரையைத் தேடினான் சோலைமலை.