கோட்டம் எடுத்தல்

மூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும்,
இல்லையென்றால் மணி அடிக்கும் என்பார்கள்.
அன்று இரண்டும்.
லிண்டன் மரங்களின் ஈரச் சருகில் வழுக்கி
நடைபாதை விளிம்பில் போய் மோதினேன்.
எனக்கு முழங்கை, சைக்கிளுக்கு முன்சக்கரம்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இம்கேவின் பட்டறை.
சக்கரத்தைக் கழற்றித் தாங்கியில் மாட்டிச் சுழற்றினாள்.
குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன்போல
இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வந்தது அது.
"ஆஹ்ட்" என்றாள். எட்டு.
காற்றில் விரலால் எழுதியும் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்களூரில் எட்டுப் போட்டால் லைசென்ஸ்.
குளித்தலை ஆர்டிஓ மைதானத்தில்
கால் ஊன்றாமல் போட்டவள் நான்.
இங்கே எட்டு விழுந்தால் முப்பத்தைந்து யூரோ.

உங்கள் மொழியில் இதற்கு என்ன, என்றாள்.
கோட்டம்.
கோத்தம், என்றாள். பிறகு, கொட்டம்.
கொட்டம் வேறு. அதை அடக்குவோம், எடுக்க மாட்டோம்.
நாக்கு நுனியை மேலே மடக்கிக் காட்டினேன்.
வளைந்ததைச் சொல்ல
நாக்கும் கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது.

அவள் கம்பிகளில் சாவியை மாட்ட,
பாதி ஜெர்மன், பாதி கையசைப்பில்
நான் பேசிக்கொண்டே இருந்தேன்:
பேருந்தின் பக்கவாட்டில்
கும்பகோணம் கோட்டம் என்று எழுதியிருக்கும்,
பேருந்து நசுங்கியதைச் சொல்வதல்ல அது,
நசுங்கியும் இருக்கும்.
நாட்டு மருந்துக் கடையில் கோட்டம் கேட்டால்
ஒரு வேரைப் பொட்டலம் கட்டித் தருவார்கள்.
அந்தக் காலத்து ராசா கோட்டம் எடுத்தான் என்றால்
கோயில் கட்டினான்.
ஜெயவிலாஸ் சைக்கிள் மார்ட்டில் கோட்டம் எடுத்தார்கள் என்றால்
இதோ, இப்போது நீ செய்வது.
அதே இரண்டு சொற்கள்தான், இம்கே.
அங்கே எழுப்பினார்கள், இங்கே நீக்குகிறோம்.

தலை நிமிராமல் கேட்டாள்:
அப்படியானால் நேராக இருப்பதற்கு?

கோடு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.
ஸ்கேல் வைத்துப் போடுவது கோடு.
வளைந்து போ என்பதற்கும்
அகராதியில் கோடு.
யானையின் கொம்பும் கோடு, அது எங்கே நேராக இருக்கிறது?
நேர்கோடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பது
முப்பத்தெட்டு வயதில்
கிரீஸ் வாசனைக்கு நடுவில் புரிந்தது.

பையில் அந்தத் தாள் இருந்தது.
அண்ணன் அறவாழி அனுப்பிய பாகப்பிரிவினை வரைபடம்.
தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும்.
சர்வேயர் இழுத்த சிவப்புக் கோடு
வடக்கிலிருந்து நேராக இறங்கி
கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும்
வெட்கப்பட்டதுபோல் லேசாக நெளிந்து,
கிணற்றை அவன் பக்கம் விட்டுவிட்டு,
ஒன்றும் நடக்காததுபோல் தெற்கே போகிறது.

சருகில் வழுக்கியது என்றேன் அல்லவா,
சருகு பாவம்.
அந்த நெளிவையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இம்கே ஒரு கம்பியை இறுக்கினாள்,
எதிர்ப்பக்கத்துக் கம்பியைத் தளர்த்தினாள்.
ஒரே பக்கம் இறுக்கினால் வளையம் பிளக்கும் என்றாள்,
பொதுவாகத்தான், யாரையும் குறித்தல்ல.
கால் சுற்று.
அரைக்கால் சுற்று.
கடைசியில் அரை மில்லிமீட்டர் மிச்சம் நின்றது.
இதற்கு மேல் வேண்டாம், ஓடும்.

பணம் வாங்கும்போது "கோட்டம்" என்றாள்,
டகரம் சரியாக விழுந்திருந்தது.

வெளியே மணி ஓய்ந்திருந்தது, மழை ஓயவில்லை.
அறவாழி இரண்டு முறை கூப்பிட்டிருந்தான்.
ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.
சுற்றுக்கு ஒரு தரம்
பிரேக் கட்டை வளையத்தைத் தொட்டு
ச் என்றது,
பிறகு
ச்,
காது கொடுத்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு.