வெண்ணாறு, வெட்டாறு

இரண்டு கணினிகளுக்கும்
ஆற்றின் பெயர் வைத்தது நான்தான்.
வெண்ணாற்றில் கொள்முதல் நிலையங்களின் எடைக்கணக்கு.
வெட்டாறு, நாங்கள் உடைத்துப் பழக.

இரவில் இரண்டுக்கும் ஒரே முகம்:
கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி,
பக்கத்தில் துடிக்கும் கட்டம்.
சொல் என்றது.
அழி என்றேன்.

தென்பெரம்பூரில் ஆறு பிரிகிற இடத்தில்
இந்த மதகு இன்ன ஆற்றுக்கு என்று
பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள்,
தண்ணீருக்குப் படிக்கத் தெரியாது என்றாலும்.
நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

குறுவை எடை, நானூற்றுப் பன்னிரண்டு லாரி.
காப்புப் பிரதி ஏப்ரலோடு நின்றிருந்தது.
போனது என்றுகூடத் திரை சொல்லவில்லை;
மறுபடி அதே டாலர் குறி,
அடுத்து என்ன என்பது போல.

தையல்நாயகி திட்டவில்லை.
கொரடாச்சேரி போய் ரசீதுக் கட்டுகளைச்
சாக்கில் அள்ளி
ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தாள்.
மூன்று நாள் தட்டினோம்.
விரலில் கார்பன் மை,
விசைகளுக்கு நடுவே உமி.

நான்காம் நாள் அந்தக் கோப்பைத் திறந்தேன்;
பெயர் புள்ளியில் தொடங்குவதால்
பட்டியலில் தலைகாட்டாதது.
முதலில் பேராசை.
மணி, தேதி, என் பெயர், பேட்டரி மிச்சம்,
நிற்கும் அடைவின் முழு முகவரி,
கடைசியில் சின்னதாய் ஒரு மீன்.
நிறக்குறிகளை அடைப்புக்குள் இட மறந்ததில்
நீளமான கட்டளை விளிம்பில் மடங்கி
தன் தலைமேலேயே ஏறி எழுதியது.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு,
மாப்பிள்ளை பேரு எங்கடா?" என்றாள்.

மணி போயிற்று. தேதி போயிற்று.
என் பெயர் எனக்கே எதற்கு?
மீனை மட்டும் இன்னொரு நாள் வைத்திருந்தேன்.

மிஞ்சியது ஆறு.
வெட்டாறு பச்சை.
வெண்ணாறு சிவப்பு,
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
ஆம்புலன்ஸையும் நிறுத்துகிற சிவப்பு.

இப்போது இரவு இரண்டு மணி.
ஜன்னலுக்குக் கீழே கேட் சாத்தியிருக்கிறது,
தார்ப்பாய் போட்ட நெல் லாரிகள் வரிசையாக.
வட்டு நிறைந்துவிட்டது, பழைய பதிவுகளை நீக்கவேண்டும்.
அதே கட்டளையை மறுபடி அடித்திருக்கிறேன்.
சரியான கணினிதான், சரியான அடைவுதான்.
என்டர் மேல் போன விரலை எடுத்து
சட்டையில் துடைத்துக்கொண்டு
வெண்ணாறு என்று வாய்விட்டுப் படிக்கிறேன்.

சரக்கு ரயில் போய்விட்டது.
கேட் ஏறுகிறது, லாரிகள் உறுமுகின்றன.
நான் இன்னொரு முறை படிக்கிறேன்.